எட்டுக் கிலோ

நவம்பர் 2, ஞாயிறு

எடை: 79.4 கிலோ.
காலை: இட்லி நான்கு, தேங்காய்ச் சட்னி, காப்பி (சீனி இரண்டு ஸ்பூன்). மதியம்: சோறு, அளக்கவில்லை. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் மூன்று. மாலை: காப்பி, முறுக்கு. எத்தனை என்று எண்ணவில்லை. இரவு: தோசை நான்கு.

இதை எழுதச் சொன்னவள் மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் ஜெனிட்டா. என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். "வாயில போறது எல்லாத்தையும் எழுதணும் மேடம். ஒரு கடலைய விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

நான் டைரி எழுதுகிறவள் அல்ல. இருபத்து மூன்று வருடங்களாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எழுதுவதெல்லாம் ஆய்வகப் பதிவேட்டில்தான். இதையும் அப்படியே வைத்துக்கொள்ள உத்தேசம். தேதி, அளவு, கவனித்தது.

கவனித்தது: என் தம்பி குற்றாலிங்கத்தின் கல்லீரல் சுருங்கிவிட்டது. குடியால் அல்ல, அவன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் வருடக்கணக்காகச் செய்த வேலை. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பான். அவன் மனைவி செண்பகத்தின் ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

போன மாதம் செண்பகம் கல்லூரி வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, நான் இங்கன வந்தது அவுகளுக்குத் தெரியாது. 'யார்ட்ட வேணும்னாலும் கேளு, அக்காட்ட மட்டும் கேக்காத'ன்னு சொல்லிட்டாக."

"அவனுக்கு என்ன ரத்த வகை?"

"ஓ பாசிட்டிவ்."

"எனக்கும் அதுதான்."

அவள் அங்கேயே நின்று அழுதாள். எனக்கு மூன்றாவது பீரியட் இருந்தது. போய்விட்டேன்.

நானும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. நான் பாளையங்கோட்டையில், அவன் டவுனில். நடுவில் ஆறு.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். என் கல்லீரலிலும் கொழுப்பு, இருபது சதவீதம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இத வெட்டி இன்னொருத்தருக்கு வைக்க முடியாதும்மா. பத்துக்குக் கீழ வரணும். எட்டுக் கிலோ குறைச்சீங்கன்னா வரும். பன்னிரண்டு வாரம். பட்டினி கிடந்தா லிவர் இன்னும் கெட்டுப்போகும். பவுடர், கஷாயம்னு எதையும் தொடக் கூடாது. ஒழுங்கா சாப்பிடணும், ஒழுங்கா நடக்கணும்."

"அதுவரை அவன் தாங்குவானா?"

"தாங்க வைக்கப் பாக்குறோம்."

செண்பகத்திடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். நான் தகுதி பெறும்வரை அவனுக்குத் தெரியக் கூடாது. முடிவு வராத சோதனையை அறிவிப்பது என் வழக்கம் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

மைதானத்தில் நடந்தது 22 நிமிடம். மூச்சு வாங்கியது. இரண்டு முறை உட்கார்ந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எடை: 78.7.

தட்டில் பாதிக்குக் காய், கால் பாகத்துக்குப் பருப்போ பயறோ மீனோ, மிச்சக் கால் பாகத்துக்குத்தான் சோறு. சோற்றைக் கிண்ணத்தில் அளந்து போடுகிறேன். அளந்த சோறு தட்டில் ஒரு பிழை திருத்தம் போல ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர், இவருக்கும் அதே சாப்பாடு. மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பத்துக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கத்திய மனிதர், மெதுவாகப் பேச வராது. "ஏட்டி பகவதி, இந்தக் கேப்பை தோசைய வச்சு மாடியில ஒழுகுற இடத்த அடைச்சிரலாம் போலயே. கொத்தனாருக்குச் சொல்ல வேண்டாம்."

"சாப்பிட இஷ்டமில்லைன்னா வெளியே சாப்பிடுங்க."

"யாரு இஷ்டமில்லன்னா? இன்னொண்ணு போடு."

ஆஸ்பத்திரிப் படிவத்தில் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். படிக்காமல் போட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று முறை படித்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

நடந்தது: 41 நிமிடம், 3.4 கி.மீ. உட்காரவில்லை.

மைதானத்து சிமெண்டு பெஞ்சில் ஓய்வுபெற்றவர்கள் இருவர் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடக்க வருகிறார்கள் என்பது அவர்கள் வீட்டில் சொல்லும் கதை. நான் சுற்றுக்கு ஒன்றாக இடது கையில் இருக்கும் புளியங்கொட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டே நடக்கிறேன். இன்று ஒருவர் கேட்டார். "மேடம், ரவுண்ட எண்ணுதியளா, செஞ்ச பாவத்த எண்ணுதியளா?"

"இரண்டும் ஒரே கணக்குதான்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

நவம்பர் 27, வியாழன்

எடை: 75.6.
காலை: கேப்பைக் கூழ், வெங்காயம். மதியம்: அளந்த சோறு, புடலங்காய்க் கூட்டு, பாசிப்பயறு. மாலை: சீனி இல்லாத காப்பி. பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

செண்பகம் போன் செய்தாள். நேற்று அவன் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்திருக்கிறார்கள். பேச்சு அம்மாவிடம் வந்து நின்றது. அவள் எப்போதும் அங்கே வந்துவிடுவாள்.

"அத்தையாத்தான் மதினி ஆபரேசன் வேண்டாம், மருந்து கட்டுதவர்ட்டயே கூட்டிட்டுப் போன்னு அவுக கையப் பிடிச்சிட்டுச் சொன்னாக. அவுக என்ன செய்வாக?"

இந்த வாதத்தை முன்பே கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி. நான் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வைத்திருந்தேன். அவன் நான்கு மாதம் மலையடிவாரத்து வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு அலைந்தான். திரும்பி வந்தபோது எலும்புவரை பரவியிருந்தது. அம்மாவைத் தூக்கும் முன்னால், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னிலையில், "அம்மாவக் கொன்னது நீதான்" என்றேன். அவன் 'அம்மாதான் கேட்டாள்' என்றுகூடச் சொல்லவில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அம்மாதான் கேட்டாள் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

டிசம்பர் 3, புதன்

எடை: 75.6. எட்டு நாட்களாக அதே இடம். எந்திரத்தை மூன்று முறை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். பிழை நூறு கிராமுக்குள்தான். பிழை என்னிடம்.

டிசம்பர் 4, வியாழன்

ஜெனிட்டா போனில் சொன்னாள். "உடம்பு புது வழக்கத்தப் பழகிக்கிட்டு இருக்கு மேடம். பயந்துட்டு சாப்பாட்டக் குறைச்சிடாதீங்க. நடையில வேகத்தக் கூட்டுங்க. வாரத்துல மூணு நாள் கொஞ்சம் எடை தூக்குங்க." இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குழாயில தண்ணி வரலயோன்னு நெனச்சேன்" என்றார்.

டிசம்பர் 15, திங்கள்

எடை: 74.3. நகர ஆரம்பித்திருக்கிறது.

மதுரையில் இடைக்காலப் பரிசோதனை. மூன்றாம் மாடி வராந்தாவில் அவனைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில். முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. நூறு கிலோவுக்கு மேல் இருந்தவன். இப்போது கழுத்தில் இரண்டு நரம்பு மட்டும் நின்றது, சட்டைத் தோள் முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது. நான் கிராம் கிராமாக முயன்று குறைப்பதை அவன் உடம்பு கேட்காமலே கொட்டிக்கொண்டிருக்கிறது.

செண்பகம் என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணால் வரச் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். இன்னும் மூன்று கிலோ இருக்கிறது. போய் நின்று என்ன சொல்ல? 'மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது' என்றா?

அவர்கள் ஜெனிட்டாவின் அறையிலிருந்து வெளியேறிய பிறகு உள்ளே போனேன்.

"இப்பப் போனவர் உங்க தம்பியா மேடம்? மூக்கு அப்படியே இருக்கே."

"ஆமாம்."

"உங்கள மாதிரியே கேள்வி கேக்குறாரு. குதிரைவாலியில சோறு வடிக்க எவ்வளவு தண்ணி வைக்கணும், அளவு எத்தனை கிண்ணம்னு. அவருக்கு நான் குதிரைவாலியே எழுதிக் கொடுக்கல."

அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாடத்தில் இல்லாததைத்தான் கேட்பான்.

டிசம்பர் 16, செவ்வாய்

நடந்தது: 5 கி.மீ., 55 நிமிடம். சட்டைத் தோள் கண்ணிலேயே நின்றது.

டிசம்பர் 28, ஞாயிறு

எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் பதிவேட்டில் அப்படிச் செய்வதில்லை.

நேற்று மாலை உடன் வேலை பார்ப்பவரின் வீட்டு விசேஷம். வரும்போது வெல்லப்பாகில் உருட்டிய முந்திரிக்கொத்து ஒரு டப்பா கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செண்பகத்தின் போன். அவன் நேற்று காலையில் தன் மகளின் பெயரைச் சொல்லி அழைக்கத் தெரியாமல் அரை மணி நேரம் திணறியிருக்கிறான். கல்லீரல் வேலை செய்யாவிட்டால் மூளைக்கு அப்படி ஆகும் என்று தெரியும். போனை வைத்தேன். டப்பாவைத் திறந்தேன். பதினொன்று சாப்பிட்டேன். பசி இல்லை.

அம்மா செய்ததைப் போல இல்லை. செய்தவள் பாகைக் கொஞ்சம் முறுக விட்டுவிட்டாள்.

எடை: 74.1. போன வாரம் 73.5.

இனி வீட்டுக்குள் வெல்லம் என்ற பொருள் வரக் கூடாது.

ஜனவரி 4, ஞாயிறு

எடை: 73.2.

ஜனவரி 11, ஞாயிறு

எடை: 72.6.

இன்று படி வந்தது. பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருவது. பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, காய்கிழங்கு. அம்மா இருந்தவரை அம்மா கட்டி அனுப்பினாள். பிறகு தம்பி. பேச்சு நின்ற பிறகும் படி நிற்கவில்லை. அவன் எலக்ட்ரிக்கல் கடை வேன் வந்து வாசலில் நிற்கும். டிரைவர் இறக்கிவைத்துவிட்டுப் போவான். ஒரு வார்த்தையும் கூட வராது. எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் நார்ப்பெட்டி இருக்கும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், பெட்டிக்குள் கால் கிலோ ஏணிப்படி மிட்டாய் வைத்து, துணியால் கட்டி, இவரிடம் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொல்வேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தக் கருப்பட்டி மிட்டாய்க்காக அவன் என் பையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வீடுவரை வருவான். ஒன்பது வருடங்களாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு சாக்கு, மஞ்சள் குலை, பெட்டி. கரும்பு இல்லை. நான் திறக்கவில்லை. நாற்பது வருடம் வெல்லம் சுமந்த பெட்டி, மூடியிருக்கும்போதே மணக்கிறது. பதினொரு முந்திரிக்கொத்து சாப்பிட்ட கையை நான் நம்பத் தயாராக இல்லை. இன்னும் ஒன்றேகால் கிலோ.

வீட்டு வேலைக்கு வரும் பிரம்மசக்தியைக் கூப்பிட்டு, அப்படியே எடுத்துப் போகச் சொன்னேன்.

"படியவாக்கா? பொறந்த வீட்டுப் படிக்கா. ஒரு பிடி அரிசியாவது எடுத்து வச்சிக்கிடுங்க."

"எடுத்துட்டுப் போன்னா போ."

"பெட்டி?"

"அதையும்."

மிட்டாய் இந்த வருடம் அவனுக்கு விஷம். வேறு எதை வைப்பது என்று தெரியவில்லை. பெட்டி கண்ணெதிரே இல்லாவிட்டால் அந்தக் கேள்வியும் இல்லை.

ஜனவரி 12, திங்கள்

நடந்தது: 5.5 கி.மீ., 58 நிமிடம்.

பிரம்மசக்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "என்னக்கா படி இது? வெல்லமே இல்ல. பச்சரிசியும் இல்ல. பாசிப்பயறு, கொள்ளு, சிறுகிழங்கு, பொறவு என்னமோ குருவிக்குப் போடுத தவசம் மாதிரி ஒண்ணு. ஒங்க தம்பி கடையில சாக்க மாத்தி ஏத்திட்டாவளோ?"

இருக்கலாம். செண்பகத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையவே நேரம் சரியாக இருக்கிறது. கடை ஆட்கள் கைக்குக் கிடைத்ததை ஏற்றியிருப்பார்கள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

கடை அரிசியில் சின்னப் பானையில் பொங்கினேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். எழுதிவிட்டேன்.

செண்பகம் போன் செய்தாள்.

"படி வந்துச்சா மதினி?"

"வந்தது."

"பெட்டியத் தொறந்து பாத்தியளா?"

"பார்த்தேன்" என்றேன். இல்லாவிட்டால் நீளமாக விளக்க வேண்டியிருக்கும்.

"வேற ஒண்ணும் இல்லயா மதினி?"

"வேற என்ன? அவன் எப்படி இருக்கான்?"

"இருக்காக" என்றாள்.

ஜனவரி 24, சனி

எடை: 71.2.

ஸ்கேன்: கொழுப்பு ஏழு சதவீதம்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். அக்டோபரில் எடுத்தது வெளிறிக் கிடந்தது. இன்றைக்கு எடுத்தது கருப்பாக, ஒழுங்காக இருக்கிறது. "இத்தனை வருஷத்துல நூத்துக்கணக்குல பேருக்குச் சொல்லியிருப்பேன், எட்டுக் கிலோ குறைங்கன்னு. சொன்னபடி செஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம்" என்றார். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. அறுவைச் சிகிச்சை பிப்ரவரி 9.

நாளை மறுநாள் குடியரசு தினம், விடுமுறை. காலையில் டவுனுக்குப் போய் அவனிடம் சொல்வேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன். 'என் லிவர் உனக்குப் பொருந்துகிறது' என்பது முதல் வாக்கியம். அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் வேண்டும். அதை இரண்டு முறை எழுதி அடித்தேன்.

இவர் இரவுச் சாப்பாட்டுக்குத் தானே கேப்பை தோசை ஊற்றினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாவட்டத்தின் வரைபடம். "மதுரைக்கு அனுப்பப்போற சரக்கு. கெட்டுப்போகாமப் பாத்துக்கணும்லா" என்றார். கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றார்.

ஜனவரி 26, திங்கள்

போகவில்லை. காலை ஏழு மணிக்குச் செண்பகம் கூப்பிட்டாள். நேற்றிலிருந்து காய்ச்சல், மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். வயிற்று நீரில் கிருமி.

நானும் இவரும் பஸ்ஸில் பின்னாலேயே போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுகிறார்கள். அவன் கண் மூடியிருந்தது. வாயில் குழாய். பஸ்ஸில் இரண்டு முறை எழுதி அடித்த வாக்கியத்தைச் சொன்னேன். லிவர் வாக்கியத்தையும் சொன்னேன். நர்ஸ், "அவருக்குக் கேக்காதும்மா" என்றாள். தெரியும்.

ஜனவரி 27, செவ்வாய்

சிறுநீரகமும் நின்றுவிட்டது. "இப்பவே எடுத்து வையுங்கள்" என்று டாக்டரிடம் சொன்னேன். கிருமி ரத்தத்தில் இருக்கும்போது வைக்க முடியாது என்றார். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை சொன்னேன்.

ஜனவரி 29, வியாழன்

காலை ஒன்பது நாற்பதுக்கு.

ஜனவரி 31, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடக்கவில்லை.

நேற்று டவுன் வீட்டில் அம்மாவைப் போட்டிருந்த அதே இடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். சித்தி ஒருத்தி என் கன்னத்தைத் தடவி, "கவலையில எப்படி மெலிஞ்சிட்டேட்டி பகவதி" என்று அழுதாள். இன்னொருத்தி அவளுக்குப் பின்னால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "ஒம்பது வருசம் எட்டிப் பாக்காதவளுக்குக் கவலையாக்கும். ஆத்தா சாவுல பேசுன பேச்ச மறந்திருப்பான்னு நெனச்சியா?" செண்பகம் திரும்பி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையை ஆட்டி நிறுத்தினேன்.

கிருமி யாருக்கும் வரக்கூடியது, யார் என்ன செய்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

நான் முதலில் எட்டுக் கிலோ அதிகமாக இல்லாமல் இருந்திருந்தால் அக்டோபரிலேயே அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கும். இதை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

காலை: ஒன்றும் இல்லை. மதியம்: மோர்.

இன்றுதான் தேதி. ஆஸ்பத்திரியில் அட்மிஷன் பிரிவுக்குத் தகவல் போகாமல் இருந்திருக்கிறது. ஆறரை மணிக்குப் போன். "மேடம், அட்மிஷனுக்கு நேத்தே வந்திருக்கணுமே, கிளம்பிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

பிப்ரவரி 14, சனி

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. இலையில் வடை, பாயசம், எல்லாம் இருந்தது. அவனுக்குப் பிடித்தவை. சாப்பிட்டேன். அளவு தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு செண்பகம் என்னை உள்ளறைக்கு அழைத்தாள்.

"மதினி, அவுகளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஒங்க காலேஜுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கே சொல்லிட்டேன். என்னால அவுகட்ட மறைக்க முடியாது. ஒருநாள் பூராப் பேசல. பொறவு, 'அவளாச் சொல்லட்டும். அது வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத'ன்னுட்டாக."

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"ஞாயித்துக்கிழம ஆனா, 'இந்த வாரம் எவ்வளவு'ன்னு கேப்பாக. நீங்க எனக்குச் சொல்லுதத நான் சொல்லுவேன். எழுபத்தஞ்சுல நின்னப்ப, 'அக்கா இப்ப எந்திரத்தத் திட்டிட்டு இருப்பா'ன்னு சிரிச்சாக. மார்கழியில அவுகளா ஒக்காந்து படிக்குப் பட்டியல் சொன்னாக. 'வெல்லம் போடாத, கரும்பு போடாத, அவ இப்ப சாப்பிடக் கூடாது. குதிரைவாலி போடு, கொள்ளு போடு.' ஜெனிட்டா மேடத்துட்ட கேட்டு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு துண்டுச் சீட்டுல எழுதி பெட்டிக்குள்ள வச்சாக. கை நடுங்கி மூணு சீட்டு கிழிச்சாக. பாத்தியள்லா?"

பொங்கலன்று அவளிடம் சொன்ன பொய் அப்படியே இருந்தது. அதை இன்னும் ஒரு நிமிடம் வைத்திருந்தேன். பிறகு சொன்னேன். திறக்கவே இல்லை, பிரம்மசக்தியிடம் கொடுத்துவிட்டேன், பெட்டியோடு.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருக்கலாம்.

"அதான் பெட்டி வரலையா" என்றாள். "பொங்கல் கழிஞ்சு எட்டு நாளா வாசல் பக்கமே கட்டிலப் போடச் சொல்லிப் படுத்திருந்தாக. வேன் சத்தம் கேட்டா, 'பெட்டி வந்துச்சா'ன்னு கேப்பாக. எனக்குத்தான் ஒங்க மேல கோவம் கோவமா வந்துச்சு. அவுக ஒண்ணும் சொல்லல. கடைசியில என்ன சொன்னாக தெரியுமா? 'எனக்கு மிட்டாய் ஆகாதுல்லா. வேற என்னத்த வைக்கன்னு தெரியாம யோசிச்சிட்டு இருப்பா. யோசிச்சு முடிக்கட்டும், வரும்'னாக."

பிப்ரவரி 15, ஞாயிறு

பிரம்மசக்தியிடம் பெட்டியைக் கேட்டேன். வெங்காயம் போட்டு வைத்திருந்தாளாம். கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு டம்ளர் அளவு குதிரைவாலி.

"வெறும் பெட்டியத் தரக் கூடாதுல்லாக்கா. மிச்சம் இதுதான் கெடந்துச்சு. பிள்ளைங்க தின்ன மாட்டேன்னுட்டுதுவ."

"உள்ளே ஒரு சீட்டு இருந்ததா?"

யோசித்தாள். "கிறுக்கலா ஒரு தாளு கெடந்துச்சுக்கா. கடைக்காரன் போட்ட கணக்குன்னு நெனச்சு அடுப்புல போட்டுட்டேன். முக்கியமானதா?"

"இல்லை" என்றேன்.

ஒரு கிண்ணம் குதிரைவாலி எடுத்துக் கழுவி வைத்தேன். எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. ஜெனிட்டாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு கிண்ணம் ஊற்றினேன், அடியில் பிடித்தது. சாப்பிட்டேன். இவர் எதிரே உட்கார்ந்து தனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

எடை: பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியுடன் கிளம்பினேன். "பஸ்ல போயேன்" என்றார் இவர். வேண்டாம் என்றேன். மைதானத்து வாசலில் பெஞ்சுக்காரர்கள், "என்ன மேடம், பெட்டியோட கெளம்பிட்டிய, இன்னைக்கு ரவுண்டு இல்லயா?" என்றார்கள். கையை மட்டும் காட்டினேன்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மைதானத்தில் நடந்த தூரத்தை நேற்று கூட்டிப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்து மூன்று கிலோமீட்டர். அத்தனையும் சுற்று. ஒருநாள்கூட ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை.

பாலத்தின் நடுவில் காற்று இருந்தது. பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஜங்ஷனைத் தாண்டியதும் ஒரு கடை திறந்திருந்தது. ஏணிப்படி மிட்டாய் கால் கிலோ வாங்கி உள்ளே வைத்தேன்.

செண்பகம் கதவைத் திறந்தாள். பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய், திறக்காமல், அவன் படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"நடந்தா வந்திய மதினி, அங்கனருந்து?"

ஆறு கிலோமீட்டர். அறுபத்தெட்டு நிமிடம். மூச்சு வாங்கவில்லை.